சகியாசியின் நெஞ்சு மாத்திரை

என் மச்சான் சகியாசி செத்ததற்கு டாக்டர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள், பாதிரியார் ஒரு காரணம் சொன்னார். எனக்குத் தெரிந்த காரணம், அவன் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது என்பதுதான். இப்போது ஃபிஜியின் கண்டாவுத் தீவில் இந்தப் பக்கம் முழுக்க அவன் புகழ்தான். அவனிடம் இருந்ததையெல்லாம் கேட்டு வாங்கியவர்கள்தான் புகழ்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் என் அத்தை மகன், என் தங்கை லித்தியாவின் புருஷன். படகு எஞ்சின் ரிப்பேர் அவன் தொழில். எங்கள் ஊரில் ஒருவர் வாசலில் வந்து 'கெரெகெரே' என்று கேட்டுவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எல்லாரும் கொடுப்போம், கொஞ்சம் சாமர்த்தியத்தோடு. நல்ல வெட்டுக்கத்தியைக் கூரைக்குள் செருகிவிட்டு, துருப்பிடித்ததைக் கண்ணில் படும்படி வைப்போம். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் சுத்தமாகக் கிடையாது. அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது வேறு யார் முதுகிலாவது இருக்கும். லித்தியா சர்க்கரையைத் துணிமூட்டைக்குள் ஒளித்துவைத்தால், அந்த இடத்தையும் இவனே சொல்லிக் கொடுப்பான்.

போன வருஷம் ஒரு படகு எஞ்சினைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். தலைநகர் சூவாவுக்குக் கொண்டுபோனோம். வெளிநாட்டு டாக்டர்கள் வந்திருந்த நேரம் என்பதால் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். சின்னக் கம்பி வலைக்குழாய், அவ்வளவுதான். டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: ஆஸ்பிரின் ஆயுசுக்கும், குளோபிடோக்ரல் ஒரு வருஷத்துக்கும். ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டால் அந்தக் கம்பிமேல் ரத்தம் உறைந்து மொத்தமாக அடைத்துவிடும். பல் பிடுங்க வேண்டும், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று வேறு யார் நிறுத்தச் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சகியாசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

ஆஸ்பிரின் எங்கள் ஊர் நர்ஸ் மிரியாமாவிடமே கிடைக்கும். குளோபிடோக்ரல் சூவாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் வருவது அதன் இஷ்டம், கடலின் இஷ்டம். அதனால் சில மாதத்துக்கு உள்ளதைச் சேர்த்தே கொடுத்து அனுப்பினார்கள். வந்து இறங்கியதுமே ஊரில் பேச்சு பரவிவிட்டது, சகியாசியிடம் வெள்ளைக்கார டாக்டர் கொடுத்த நெஞ்சு மாத்திரை இருக்கிறது என்று.

முதலில் ஒரு சித்தப்பா வந்தார். "தம்பி, ராத்திரி பன்னிக்கறி கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு. இங்க ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணு குடேன்."

கொடுத்தான். மறுநாள் இன்னொருத்தி, அதற்கு மறுநாள் முழங்கால் வலிக்காரர் ஒருவர். முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ரத்தம் எல்லா இடத்துக்கும்தானே போகுது மச்சான்," என்று எனக்கே விளக்கம் சொன்னான்.

நான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு என் வீட்டுக்குப் போய்விட்டேன். "இனிமே தினம் காலைல என் வீட்டு வாசல்ல வந்து வாயைத் திற. நானே போடுறேன்."

"நான் என்ன கோழிக்குஞ்சா?"

"கோழிக்குஞ்சுக்குக்கூட தன் தீனியைத் தான் தின்னணும்னு தெரியும்டா. எவனாவது கேட்டா, மச்சான் பூட்டி வெச்சிருக்கான்னு சொல்லு. அவன் கஞ்சப் பிசினாறின்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் தேஞ்சு போகாது."

கொஞ்ச நாள் நன்றாகவே போயிற்று. ஊரில் எனக்குப் பெயர் கெட்டது. மச்சான் காலையில் வந்து ஆவென்று வாயைத் திறப்பான், என் பெண்டாட்டி சிரிப்பாள். அவன் முகத்தில் தெளிவு வந்திருந்தது. லித்தியாகூட எஞ்சின் வேலைக்கு அவனை அனுப்பத் தொடங்கியிருந்தாள்.

அப்புறம் ஊர்த்தலைவருக்கு நெஞ்சு இறுக்கம் வந்தது. மிரியாமா பார்த்துவிட்டு வாயு என்றுதான் சொன்னாள். தலைவருக்கு வாயு என்பது பிடிக்கவில்லை. சகியாசிக்கு வந்த நோய் தனக்கு வரக் கூடாதா என்ன? ஒரு சனிக்கிழமை பகலில், சடங்குகளில் அவருக்காகப் பேசுகிற பேச்சாளர் பெனி, நாலு பெரியவர்களோடு சகியாசி வீட்டுக்கு வந்தார். கையில் தம்புவா. மெருகேறின திமிங்கலப் பல், கயிறு கட்டினது. கல்யாணத்துக்குப் பெண் கேட்கவும், சண்டைக்கு மன்னிப்புக் கேட்கவும் நீட்டுகிற அதை, இந்த ஆட்கள் மாத்திரைக்காக நீட்டினார்கள்.

எனக்குச் சேதி வந்து ஓடினபோது பாதிச் சடங்கு முடிந்திருந்தது. பெனி பாயில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்று சத்தம் போட்டேன். "கையை நீட்டாதேடா! தொடாதே!" பெரியவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். சகியாசி இரண்டு கையாலும் தம்புவாவை வாங்கி, முறைப்படி முகர்ந்து, நன்றி சொன்னான். வாங்கினால் கேட்டதைக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். டப்பாவை நான்தான் எடுத்து வந்து கொடுக்க வேண்டியிருந்தது. லித்தியா அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"கப்பல் இந்த வாரம் வந்துடும் மச்சான்," என்றான். கப்பல் சூவாவில் பழுதாகிக் கிடந்தது. மிரியாமா போன் செய்து மாத்திரைக்குச் சொல்லிவைத்தாள். ஆஸ்பிரினை மட்டும் விடாமல் கொடுத்தாள். "ரெண்டு காவல்காரன் நிக்க வேண்டிய இடத்துல ஒருத்தன் நிக்கிறான்," என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர்கள் பக்கத்துத் தீவிலிருந்து படகில் வந்தார்கள். தலைவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்று ரொம்ப நாளாகச் சொத்தை. ஆள் பார்க்க மலை மாதிரி, பல் பிடுங்க மட்டும் பயம். அந்தப் பயத்தில் அன்று காலையில் நாலைந்து மாத்திரையை ஒன்றாக விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பல் வந்தது, ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு மாற்றி மாற்றி அடைத்துத் தையல் போட்டுப் பார்த்தும், சாயங்காலம்வரை ஒழுகிக்கொண்டே இருந்தது. "என்னத்தைத் தின்னீங்க?" என்று மிரியாமா அதட்டின பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தலைவர் வீட்டு அலமாரியில் மீதி மாத்திரை அப்படியே இருந்தது. நினைத்தபோது ஒன்று, விருந்து சாப்பிட்டால் ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மிரியாமா அலமாரியிலிருந்து எடுத்த கையோடு சகியாசி வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் கூடவே போனேன். "இந்தா, இப்பவே முழுங்கு," என்று தண்ணீரோடு நீட்டினாள்.

அவன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டான். "இது தம்புவா வாங்கிக் குடுத்தது."

"அதனால என்ன?"

"நாலு பேர் பார்க்கக் குடுத்தது. இப்போ நான் திருப்பி வாங்கினா, தலைவர் ஒருத்தன் வாயில இருந்ததைப் பிடுங்கித் தின்னாருன்னு ஆயிடும். அவர் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக்காட்டுவாங்க. கப்பல் வரட்டும்."

"தின்னுடா நாயே," என்றேன். "என் தங்கச்சி வாழ்வே அதுலதான் இருக்கு. தின்னு."

"மச்சான், கோபப்படாதே. எனக்கு ஒண்ணும் இல்ல பாரு." சிரித்தான். லித்தியா அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கும் அவள் தலையைத் தடவிக் கொடுத்தானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

ஒரே ஒருவர் சொன்னால் அவன் கேட்பான். பெரியவர்களிடம் ஒன்று கேட்கப் போனால் கொண்டுபோக வேண்டிய யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நான் தலைவர் வீட்டுக்குப் போய் முறைப்படி முன்னால் வைத்து உட்கார்ந்தேன். தலைவர் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு சாய்ந்திருந்தார். "நீங்க ஒரு வார்த்தை, 'தின்னுடா'ன்னு சொன்னாப் போதும் ஐயா. உங்களுக்கு ஒரு குறையும் வராது. அவன் தின்னுடுவான்."

அவர் துண்டை எடுத்தார். "நான் கேட்டேன், அவன் குடுத்தான். முறையா நடந்தது. அதுல இன்னும் பேச என்ன இருக்கு?"

இந்த ஜென்மத்தில் அந்த வார்த்தையை நான் மறக்கமாட்டேன். அந்த மனிதருக்குப் பேச வாய் வலித்தது, அல்லது வெட்கமாக இருந்தது. எதுவாக இருந்தால் எனக்கென்ன? நாலு வீடு தள்ளி ஒருவன் அவர் மானத்துக்காக மாத்திரை தின்னாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரக் கடைசியில் சகியாசி கரையில் யாருடைய எஞ்சினையோ கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்பேனர் கையிலிருந்து நழுவியதைப் பார்த்தவர்கள் ஓடினார்கள். மிரியாமா வந்து சேர்ந்தபோதே மூச்சில்லை. அவள் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாள், வியர்த்துக் கொட்டியது, அவளை நான்தான் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

சாவு வீட்டில் மச்சான் முறைக்காரன் கேலி செய்யலாம், அது எங்கள் வழக்கம். பெட்டியை மூடப்போகும்போது நான் குனிந்து, "டேய், எவனாவது இந்தப் பெட்டி நல்லா இருக்கேன்னு கேட்டா, எழுந்து குடுத்துடாதே," என்றேன். கூடியிருந்தவர்கள் அழுகைக்கு நடுவில் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவரும் சிரித்தார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் கப்பல் வந்தது. சகியாசி பெயர் எழுதின பொட்டலத்தை மிரியாமா திருப்பி அனுப்ப எடுத்துவைப்பதற்குள், மாலுமி ஒருவன் நேராக வீட்டிலேயே கொடுத்துவிட்டான். துக்கத்துக்கு விரித்த பாய்கள் இன்னும் சுருட்டப்படவில்லை. பன்னிக்கறிச் சித்தப்பா வாசலில் வந்து உட்கார்ந்தார். இருமினார். "லித்தியா, அவனுக்குத்தான் இனிமே வேணாமே. எனக்கு இங்க ஒரு மாதிரி இருக்கு. ஒண்ணு ரெண்டு குடேன்மா."

நான் எழுந்தேன். அன்று அந்தக் கிழவரை அடித்தே இருப்பேன். லித்தியா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பொட்டலத்தைப் பிரித்து, ஓர் அட்டையை இரண்டு கையிலும் ஏந்தி அவரிடம் கொடுத்தாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினேன்.

"அவரு இருந்தவரைக்கும் இந்த வாசல்ல இல்லைன்னு யாரும் திரும்பினது இல்ல அண்ணா. இப்போ நான் இல்லைன்னு சொன்னா, அப்புறம் அவரு எதுக்குச் செத்தாரு?"

சித்தப்பா அட்டையை மடியில் கட்டிக்கொண்டு, அவளை வாழ்த்திவிட்டுப் போனார். சகியாசி மாதிரி ஒரு மனிதன் இனிப் பிறக்கமாட்டான் என்று போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.