புகை திரும்பி வந்த வெள்ளிக்கிழமைகள்

என் மகன் அந்தக் காடியை வாங்கிக்கொண்டு வந்த அன்று தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். சிவப்பு நிறக் கார். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பந்தயத்தில் ஓடுகிற ரகமாம். பழசுதான், அவனைவிட ஐந்தாறு வயதுதான் சிறியது. சின்ன வயதில் பள்ளிப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் அவன் வரைந்து வைத்திருந்த காடி அது. தொழிற்சாலையில் பத்து வருஷம் இரவு வேலை பார்த்து வாங்கினான். அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதற்குமே ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முப்பது வருஷம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டியவர்.

"ஏன்டா, இதுல ஏறணுமா, இல்ல எறங்கணுமா?"

"எறங்கி உக்காருங்கப்பா. உக்காந்துட்டா பறக்கும்."

"பறக்கறது இருக்கட்டும். உங்கம்மா பின்னால எப்படிடா போவா? மடிச்சுத்தான் வைக்கணும்."

அந்த வருஷமே அவருக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் பதினோரு மணிக்கு எழுந்திருக்கலாம். பஸ் எங்கள் தோட்டத்துக்குள் வராது. தோட்டம் இருக்கிற கோலா சாவா பக்கமிருந்து அந்த நேரத்தில் வேறு வண்டி கிடைப்பதும் நிச்சயமில்லை. மகன் இரவு வேலை முடித்து நேராக வீட்டுக்கு வருவான். முகத்தைக் கழுவிக்கொண்டு, அப்பாவை அக்குளில் கைகொடுத்து மெல்ல இறக்கி முன் இருக்கையில் வைப்பான். நான் பின்னால் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து உட்காருவேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி வேலி ஓரம் நின்று கத்துவான். "ரேஸ் காடியில டயாலிசிஸுக்குப் போற ஆளு மலேசியாவுலயே நீங்கதான் மாமா!"

"பொறாமப்படாதடா," என்பார் இவர். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் சாமிக்கு விளக்கேற்றி, தூபக்காலில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டுவேன். அதே தூபக்காலோடு வாசலுக்கு வந்து காடிக்கும் காட்டுவேன். தோட்டத்தில் லோரிக்கும் அப்படித்தான் காட்டினோம். அப்பா ஏறுகிறபோது உள்ளே குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மகன் முன்கூட்டியே ஏர்கோன் போட்டு வைத்திருப்பான். ஏர்கோன் போட்டால் காடியின் முன்பக்கம், மூடிக்குள்ளே, ஒரு காற்றாடி சுற்றும். நான் தூபக்காலை முன்னால் நீட்டினதும் அந்தச் சல்லடை வாய் புகையை 'விர்'ரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு இழை மிச்சமிருக்காது. சாமி ஏற்றுக்கொண்டது என்று எனக்கு மனசு நிறைந்து போகும். இவ்வளவு வயசாகியும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் அந்தக் காற்றாடி நின்றுபோனது. சிரம்பான் போகிற வழியில், மம்பாவ் சாலையில் காடிகள் ஒன்றின் பின் ஒன்றாக ஊர்ந்து கொண்டிருந்தபோது, சூடு காட்டுகிற மீட்டர் ஊசி சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டி, ஆறவைத்துப் போனோம். அன்று அவருக்கு நேரம் குறைத்துத்தான் செய்தார்கள். அடுத்த ஆள் காத்திருந்தார்.

மகன் பழைய காடிகளை வெட்டி விற்கிற கடைக்குப் போய் வேறொரு காற்றாடி வாங்கி வந்தான். காடி அதே ரகம்தான், ஆனால் வயர் சொருகுகிற பிளக் சேரவில்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

"பிளக்க வெட்டி எறிடா. ரெண்டு வயருதானே? முறுக்கிக் கறுப்பு டேப் சுத்து."

"எந்த வயரு எதோடப்பா? ரெண்டும் ஒரே கலரா இருக்கு."

"எதோட சேத்தா என்ன, கரண்டு வந்தா சுத்தும். சுத்துதா?"

"சுத்துதுப்பா!"

"அப்ப முடிஞ்சிது. பட்டறை போர்மேன்கிட்ட குடுத்திருந்தா ஒரு வாரம் வச்சிருப்பான்."

இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். அப்பனும் மகனும் சேர்ந்து ஒரு வேலை செய்து பல வருஷமாகியிருந்தது. நான் கோப்பி கலக்கிக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தூபக்காலை நீட்டினேன். புகை முழுவதும் என் முகத்தில் வந்து அடித்தது. சாம்பல் பறந்து கண்ணில் விழுந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் தள்ளி நின்று காட்டினேன். மறுபடியும் அதேதான். உள்ளே இருந்து யாரோ ஊதித் தள்ளுகிற மாதிரி இருந்தது.

சாமி ஏற்றுக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். இவர் உயிர் விஷயமாக ஏதோ சொல்லுகிறது என்று நினைத்தேன். அப்படிப்பட்டதை வாய் திறந்து சொல்லலாமா? சொன்னால் அதுவே வந்து நிற்கும் என்றுதான் என்னை வளர்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பின் இருக்கையில் மடங்கி உட்கார்ந்தேன்.

காடி பெரிய சாலையில் வேகமாகப் போனால் ஒன்றும் செய்யவில்லை. மம்பாவுக்கு வந்து ஊர்ந்தால் சூடு ஏறியது. வீட்டில் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். அதன் மூடியை மாற்றினார்கள். 'லோரியில நாங்க இதையெல்லாம் வச்சதே இல்ல' என்று சொல்லி, இஞ்சினுக்குள் தண்ணீர் போகிற வழியில் இருந்த தெர்மோஸ்டாட்டையே அவர் எடுத்துப் போடச் சொன்னார். அதையும் மகன் செய்தான்.

"ஃபேனா இருக்குமாப்பா?"

"ஃபேன்தான் சுத்துதேடா, கண்ணு தெரியலையா?"

அந்தப் பேச்சு நடக்கிறபோது நான் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஃபேன் என்ற சொல் காதில் விழுந்தது. புகையை நினைத்தேன். ஆனால் என் மனசில் புகை சாமி சம்பந்தப்பட்டதாக இருந்தது, ஃபேன் இரும்பு சம்பந்தப்பட்டதாக இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. நாலாவது வெள்ளிக்கிழமையோ ஐந்தாவதோ, காற்று நேராக அந்தச் சல்லடையிலிருந்துதான் வருகிறது என்று கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக வந்தது. முன்னே அப்படி இல்லை. அது நன்றாகத் தெரிந்தது.

"ஏங்க, இந்தப் பொகை..." என்று ஆரம்பித்தேன்.

"கண்ணக் கசக்காம ஏறு. நேரமாச்சு," என்றார்.

அவ்வளவுதான். நான் ஏறிவிட்டேன். ஆறாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். விடை தெரியும், கை தூக்க மாட்டேன். வேறு யாராவது சொல்லட்டும் என்று இருந்துவிடுவேன். யாராவது சொல்லிவிடுவார்கள். இந்தக் காடி விஷயத்தில் சொல்லுவதற்கு வேறு யாரும் இல்லை. நான் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் சாப்பிடாமல் இருந்தேன்.

இதற்குள் அவருக்கு இரண்டு முறை நேரம் குறைந்துபோயிருந்தது. கால் வீங்கியிருந்தது. தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கினார்.

அந்தப் புதன்கிழமை மம்பாவில் முன்னால் ஒரு லோரி சாய்ந்து கிடந்தது. சாலை அப்படியே நின்றுவிட்டது. ஊசி ஏறியது. சூட்டை இஞ்சினிலிருந்து இழுக்க மகன் உள்ளே ஹீட்டரைப் போட்டான். அனல் காற்று அப்பாவின் முழங்காலில் அடித்தது. அவர் சட்டை தொப்பலாகிவிட்டது.

"பறக்கும்னியேடா," என்றார். கேலியாகச் சொல்லத்தான் நினைத்தார். மூச்சு பாதியில் நின்றது.

"ரிலேக்ஸ் லா அப்பா, இதோ கெளம்பிரும்."

அப்போதுதான் காடியின் முன்மூடி ஓரங்களிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. உள்ளே ஏதோ 'டப்'பென்றது. அதற்குப் பிறகு காடி பேசவே இல்லை. பின்னால் எல்லாரும் ஹார்ன் அடித்தார்கள். முன்னால் இடப்பக்க இருக்கை ஒன்றுதான் மடங்கும், அதை மடக்கினால்தான் நான் இறங்க முடியும். அதில் இவர் இருந்தார். அதனால் நான் பின்னாலேயே இருந்து அவர் கழுத்தை என் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரர் நிறுத்தி, தன் தண்ணீர் போத்தலை நீட்டினார். குடிக்கத்தான் கொடுத்தார். கிட்னி போன இவருக்குத் தண்ணீர் அளவோடுதான் என்று எப்படிச் சொல்வது? இவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

போனில் கூப்பிட்ட வாடகைக் காடியும் அதே நெரிசலில் எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. அவர் நாற்காலியில் வேறொருவர் படுத்திருந்தார். மறுநாள் காலையில் முதல் ஆளாக எடுப்பதாகத் தாதி சொன்னாள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் சொன்னாள். இவர், "ஒன்னும் இல்லம்மா, நாளைக்கே வரேன்," என்றார்.

விடியும் முன்பே நெஞ்சில் தண்ணீர் கட்டிவிட்டது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். நாலாவது நாள் போய்விட்டார். இருதயமும் பலவீனமாகத்தான் இருந்தது, அந்த ஒரு நாளால் மட்டும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நல்ல மனுஷர். அவர் சொன்னதைத் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளும் அது எனக்குப் போதவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, காடியை இழுத்துப் போட்டிருந்த பட்டறைக்கு மகன் போனான். தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். சீனப் போர்மேன், என் வயசு இருக்கும். இஞ்சின் போயே போய்விட்டது என்று மலாயில் சொன்னார். பிறகு காற்றாடிக்கு பேட்டரி கொடுத்துச் சுற்ற வைத்து, ஒரு பழைய செய்தித்தாளைச் சல்லடையின் முன்னால் பிடித்தார். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

"தெர்பாலேக்," என்றார். தலைகீழ் என்று அர்த்தம். இரண்டு வயரையும் மாற்றி மாட்டியதால் காற்றாடி பின்பக்கமாகச் சுற்றி, வண்டி ஓடுகிறபோது முன்னால் வருகிற காற்றையே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வேகமாகப் போனால் சமாளிக்கும். மெதுவாகப் போனால் வேகும். கறுப்பு டேப்பைப் பிரித்து, வயரை இடம் மாற்றிப் பிடித்துக் காட்டினார். தாள் போய்ச் சல்லடையில் 'பச்'சென்று ஒட்டியது. ஒரு நிமிஷ வேலை. அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

மகன் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு வயரும்மா. ரெண்டே வயரு. நான் மாட்டுனது. நாந்தான் அப்பாவ..."

"அப்படிச் சொல்லாதய்யா," என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும், ஐந்து வாரம் எனக்குத் தெரியும், அந்தக் காற்று என் முகத்தில்தான் அடித்தது என்று சொல்லியிருக்க வேண்டும். குனிந்து, சல்லடையிலிருந்து விழுந்த செய்தித்தாளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கம்பெனி வேனில் வேலைக்குப் போய் வருகிறான். காடி வீட்டுக்குப் பின்னால் படுதா போட்டுக் கிடக்கிறது. விற்கவும் மாட்டேன் என்கிறான், தொடவும் மாட்டேன் என்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் சில நாள் திடீரென்று, "அப்பா கேட்டாரும்மா, சுத்துதான்னு. நான் சுத்துதுன்னேன்," என்பான். நான் குழம்பு ஊற்றுவேன். பாரம் முழுவதையும் அவனே தூக்குகிறான். அதில் என் பங்கு இருப்பதை நான் ஒருத்தி சொன்னால் அவன் கொஞ்சம் மூச்சு விடுவான். அல்லது என்னையும் இழந்துவிடுவான். எது நடக்கும் என்று தெரியவில்லை. தெரியாமலேயே மாசங்கள் போகின்றன.

பேச வரவில்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான். அவன் மலாய்ப் பள்ளியில் படித்தவன், தமிழில் ஒரு எழுத்துக்கூடப் படிக்க மாட்டான். அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நேற்று வேலை முடிந்து வந்தவன் சமையலறை மேசையருகே வந்து நின்றான். நோட்டின் மேல் குனிந்து பார்த்தான். நான் மூடவில்லை.

"என்னமா எழுதுறீங்க? சாமிப் பாட்டா?"

"ம்."

"பேனா மங்கலா எழுதுது. கண்ணு போயிரும்." எழுத்துகள் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். அவன் அப்பாவின் பெயர் வரும் இடம் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. "நான் புதுசு வாங்கியாரேன்."

"வேணாய்யா. தூங்கு மொதல்ல."

கேட்கவில்லை. அப்படியே திரும்பிக் கடைக்கு நடந்தான். இந்தக் கடைசிப் பக்கத்தை அவன் வாங்கி வந்த பேனாவால்தான் எழுதுகிறேன். நன்றாகக் கறுப்பாக எழுதுகிறது.