பதினேழாம் நம்பர் எம்டன்

செம்மண்டலத்தில் ஆரோக்கிய ராணி வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் யோசிப்பார்கள். எம்டன் டீச்சர் வீடு என்றால் கேள்வி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தியவர் அவர். முதல் உலகப் போரில் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பலின் பெயரைப் பிள்ளைகள் தனக்கு வைத்திருந்தது அவருக்குத் தெரியும். பட்டப்பெயரில் வருத்தமில்லை. அதை வைத்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பாடத்தில் ஃபெயில் என்பதுதான் வருத்தம்.

ஓய்வு பெற்ற மறுவருடம், சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கும் தங்கை மகள் ஜெனிபர் அவருக்கு போனில் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைக் காட்டினாள். பழைய போர்க்கப்பல்கள் எல்லாம் பெண்களாகப் பிறந்து, முதுகில் பீரங்கியும் தலையில் ரிப்பனுமாகச் சண்டை போடும் கதை.

"கடல் காத்துல இவ்ளோ குட்டைப் பாவாடை எதுக்குடி?" என்றார் டீச்சர்.

"அனிமேல அப்படித்தான் பெரியம்மா."

அடுத்த எபிசோடில் எம்டனே வந்தாள். டீச்சர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நிறுத்து. பொகபோக்கி மூணுதான் இருக்கு."

"அந்தக் கப்பலுக்கு மூணுதான். நெட்ல பாத்தேன்."

"கட்டுனப்போ மூணு. இந்தப் பக்கம் வந்தப்போ இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி தெரியணும்னு பொய்யா நாலாவதா ஒண்ண மாட்டிக்கிட்டு வந்துச்சு."

ஜெனிபர் கல்லூரி விழாவில் இந்தத் தொடருக்கென்றே நடக்கும் மாறுவேடப் போட்டியில் எம்டனாக வேஷம் போடுவதற்காக மூன்று மாதமாக அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது புகைபோக்கியை ஓட்ஸ் டப்பாவில் தானே செய்து கொண்டுவருவதாக டீச்சர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை சாம்பல் நிற டப்பாவோடு பஸ் ஏறினார். கண்டக்டர், "என்னா டீச்சர், பீரங்கியா?" என்றார்.

"பொகபோக்கி."

"அப்ப மடியில வெச்சிக்குங்க."

விழா மண்டப வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த மாணவன் சித்தார்த், டப்பாவையும் கருநீலப் புடவையையும் பார்த்து, "எந்தக் கப்பல் மேடம்?" என்று கேட்டான். டப்பாவைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, "எம்டன்" என்றார். அவன் பதினேழு என்று எழுதிய அட்டையைக் கொடுத்தான். பார்வையாளர்களுக்குக் கொடுப்பது போலிருக்கிறது என்று அவர் அதைப் புடவையில் குத்திக்கொண்டார்.

உள்ளே கூட்டத்தில் ஜெனிபரைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் ஒன்பதாம் நம்பராக, மூன்று புகைபோக்கியோடு மேடையேறி இறங்கிவிட்டாள். பிறகு பதினேழை அழைத்தார்கள். டப்பாவை வாங்கிக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள் என்று டீச்சர் மேடைக்குப் போனார். ஒரே விசில்.

"உங்க டயலாக் மேடம்" என்று ஒருவன் மைக்கை நீட்டினான்.

டீச்சர் அரங்கத்தைப் பார்த்தார். "விசிலடிச்சது யாரு? எழுந்திரு."

மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். விசிலே அடிக்காத நடுவர் ஸ்ரீமதியும் எழுந்து நின்றார். அவர் அந்தக் கல்லூரி விரிவுரையாளர், டீச்சரின் பழைய மாணவி.

"எம்டன் சென்னையில குண்டு போட்டது என்னைக்கு?"

எழுந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்திப் பதினாலு, செப்டம்பர் இருபத்திரெண்டு. எழுதிக்குங்க."

நிறையப் பேர் போனை எடுத்து எழுதிக்கொண்டார்கள். முதல் பரிசு டீச்சருக்கு. 'கேரக்டராகவே வாழ்ந்தார்' என்று அறிவித்தார்கள்.

தான் போட்டியாளர் இல்லை என்று டீச்சர் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஸ்ரீமதி கைகட்டி நின்று, "நீங்களே வெச்சிக்குங்க மிஸ்" என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜெனிபர் ஆலப்பாக்கம் தாண்டும்வரை டீச்சர் மடியிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "மூணு மாசம் பெரியம்மா" என்றாள். டீச்சருக்குச் சங்கடமாகிவிட்டது. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "எம்டனுக்கு டிரெஸ்டன்னு ஒரு அக்கா கப்பல் உண்டு. அடுத்த தடவ நீதான் எம்டன். நான் அதுவா வரேன்."

ஜெனிபர் சிரிக்காமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

டிசம்பரில் புதுச்சேரியில் நடந்த போட்டிக்கு இரண்டு கப்பல்களும் போயின. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தார்கள். எதிரே இருந்தவர், "அம்மா, உங்க பீரங்கி என் சால்னாவுல படுது" என்றார். டீச்சர் மறுபேச்சில்லாமல் நகர்ந்து உட்கார்ந்தார்.