வெகேட் பண்ணச் சொன்னார்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பங்காருபேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். வாசலில் நின்றபடியே அப்பாவிடம், "மகனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். அடுத்த மாசத்துக்குள்ள வெகேட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அந்த வாரந்தான் டீச்சர் வெகேஷன் என்று கரும்பலகையில் எழுதி, விடுமுறை என்று அர்த்தம் சொல்லியிருந்தார். எனக்குச் சந்தேகமே எழவில்லை. வீட்டுக்காரர் எங்களை எங்கோ ஊர் சுற்றிப் பார்க்க அனுப்புகிறார். தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டு வரிசை முழுக்க ஓடி இதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "இன்னாமா, டூர் போறீங்களாமே?" என்று கேட்டார். அம்மா எதையோ சொல்லி அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

காப்பாற்றியது மாமா. அம்மாவின் தம்பி. பாதிரியாராகப் படிக்கப் போய், பல வருஷம் படித்து, குருப்பட்டம் ஏற்கும் முன்பே திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குத் தெரியும்படி பார்த்துக்கொண்டார்கள். மாரிகுப்பத்தில் தாத்தா விட்டுப்போன ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிறு சாப்பாடு எங்களோடு.

"கொயந்தைய அடிக்காதக்கா, அது சொன்னதுல பாதி சரி" என்றார். "ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். லத்தீன்ல வகாரேன்னு ஒரு வினை. காலியா இருக்கறதுன்னு அர்த்தம். வீட்ட காலி பண்ணா வெகேட். வேல இல்லாம ஆளு காலியா இருந்தா வெகேஷன்."

"காலி பண்ணுன்னே அந்த ஆளு சொல்லியிருக்கலாம்" என்று அப்பா சிரித்தார்.

நான் யோசித்துவிட்டுக் கேட்டேன்: "அப்ப மாமா, நீங்க எப்பவும் வெகேஷன்லதானா?"

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார். அம்மா ரசம் கொண்டுவர எழுந்து போனாள். ரசம் எங்கள் முன்னால்தான் இருந்தது. மாமா மட்டும் சிரித்து, "ஆமா கண்ணு" என்றார்.

அப்பா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர். வீடு தேட ஞாயிறு ஒன்றுதான். எதுவும் அமையவில்லை. கெடு நெருங்கிய சமயத்தில் மாமா வந்து சாவியை அம்மா கையில் வைத்தார்.

"பெங்களூர்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. அங்கயே தங்கிக்கலாம். நீங்க மாரிகுப்பம் வந்துடுங்க."

"இன்னா ஸ்கூலுடா? நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா."

அவர் சொன்ன பள்ளி அப்போது எங்கும் இல்லை. சில மாதம் சிநேகிதர்கள் அறையில் தங்கி அலைந்த பிறகுதான் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். இன்றும் பெங்களூரில்தான் இருக்கிறார்.

நாங்கள் சாமான்களோடு போய் இறங்கிய அன்று அவர் ஒரே ஒரு பையோடு ரயில் ஏறினார். கட்டில், மேசை, போர்வை எல்லாம் அப்படியே விட்டிருந்தார். ஜன்னலோரக் கட்டில் எனக்கென்று நான் உடனே ஏறிப் படுத்துக்கொண்டேன். பக்கத்தில் வரச்சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன். கட்டிலில் இவ்வளவு இடம் இருந்தும் அவள் ஏன் அன்று முழுக்கத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.