அணைத்தவர் போட வேண்டிய விளக்கு

எங்கள் வீட்டு நடையில் ஒரு விளக்கு இருந்தது. அதை யார் அணைத்தாரோ அவர் நின்ற பக்கத்துச் சுவிட்சிலிருந்துதான் மறுபடி போட முடியும். எதிர்ப்பக்கம் நிற்கிறவர் விரல் தேயத் தட்டினாலும் எரியாது. இப்படி ஒரு அதிசயத்தை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் அதை உண்டாக்கியவர் என் நைனா.

கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்தது ரயில்பெட்டி மாதிரி நீண்ட வீடு. முன்னால் ஹால், பின்னால் சமையலறை, நடுவில் ஜன்னலே இல்லாத நடை. பட்டப்பகலிலும் அங்கே கும்மிருட்டுதான். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே ஒரு விளக்கு கேட்டுக்கொண்டிருந்தாள். நைனாவும் சளைக்காமல் "போட்டுடலாம், போட்டுடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, கொதிக்கிற குழம்போடு வந்த அம்மா அந்த இருட்டில் வாளி தடுக்கி விழுந்தாள். கால் முழுக்கக் கொப்புளம். நைனா ஓடிவந்தவர் முதலில் தூக்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, "கண்ணு தெரில உனுக்கு?" என்றார். அம்மா சும்மா இருப்பாளா? பேச்சு எங்கெங்கோ போயிற்று. எனக்குப் புரிந்தது நைனாவின் கடைசி வரி மட்டும்தான்.

"அப்போ லைட்டு கீற வூடா பாத்துப் போ."

அம்மா போய்விட்டாள். பெசன்ட் நகரில் பெரியம்மா வீட்டுக்கு. பள்ளிக்கூடம் இங்கே என்பதால் நான் நைனாவோடு.

சண்டை வந்தது விளக்கால். விளக்கு வந்துவிட்டால் அம்மாவும் வந்துவிடுவாள். என் கணக்கு அவ்வளவு சுலபம். நைனாவின் கணக்கும் அதேதானோ என்னவோ, அடுத்த வாரமே ஒரு எல்இடி விளக்கு, வயர், இரண்டு சுவிட்சு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஹால் பக்கம் ஒரு சுவிட்சு, சமையலறைப் பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் நின்றும் போடலாம், எந்தப் பக்கம் நின்றும் அணைக்கலாம் என்பது ஏற்பாடு. எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவிடம், "பட்டறைல மெஷினையே பிரிச்சி மேயறவன் நானு. ஒரு பல்பு மாட்ட மாட்டனா?" என்று கேட்டார். ஈக்காட்டுத்தாங்கலில் அவர் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாட்டினார். எரிந்தது. நான் குதித்தேன். அதன் குணம் மறுநாள்தான் தெரிந்தது.

இரண்டு சுவிட்சும் போட்டிருந்தால் மட்டும் எரியும். ஒன்றை அணைத்துவிட்டால் மற்றது செத்த மாதிரி. தினமும் காலையில் நைனா சமையலறைப் பக்கம் அணைத்துவிட்டு, என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போவார். சாயங்காலம் பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து, ஹால் சுவிட்சைத் தட்டுவேன். ஊஹூம். விளக்கு வேண்டுமென்றால் அந்த இருட்டைத் தாண்டி மறுகோடிக்குப் போக வேண்டும். போகமாட்டேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஹாலிலேயே, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அம்மா தையல் போட்டுக்கொண்டிருந்த மூலையில் மிஷின் மேல் ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது. பயமா என்று கேட்டால் அப்போது ஆமாம் என்றிருப்பேன். ஆனால் அம்மா இருந்த காலத்திலும் அந்த நடை இருட்டுதானே, நான் அதில் ஓடிப்பிடித்து விளையாடியவள்தானே! எனக்கு அழுகை வந்தது வேறு எதற்கோ. நைனா வந்ததும், "பின்னாடி போட்டுட்டுப் போ நைனா" என்பேன். "பகல்ல எதுக்குமா லைட்டு" என்பார். தப்பு எங்கே என்று பார்க்கவும் மாட்டார். பார்த்தால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே!

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஹாலில் உட்கார்ந்து எனக்குத் தலைவாரிவிட்டு, பெரியம்மா கொடுத்தனுப்பியதை ஊட்டிவிட்டுப் போவாள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. "உங்கப்பன் சாப்ட்டாரா கேளு" என்பாள் அம்மா. "சாப்ட்டேன்னு சொல்லு" என்பார் நாலடி தள்ளி நிற்கிற நைனா. நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் போடுவேன். பெரிய உத்தியோகம்.

ஒரு ஞாயிறு அம்மாவை நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விளக்கைக் காட்டினேன். சமையலறைப் பக்கம் நின்று சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை.

"இன்னாடி இது?"

"அணைச்சவங்கதான் போடணும்மா. ஹால்ல நைனா அணைச்சிட்டாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்கப்புறம் அந்த வீட்டில் அவள் சிரித்தாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்த நைனா, அப்போதே டெஸ்டரையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு ஹால் பக்கச் சுவிட்சில் நின்றார்.

"அந்தாண்ட சுவிட்ச போடச் சொல்லு பாப்பா."

"போட்டாச்சின்னு சொல்லு."

"இப்போ அணைக்கச் சொல்லு."

நான் நடையில் அங்குமிங்கும் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டிருந்தார். இரண்டு தடவை குழம்பிப்போனதும் நைனா பொறுமையிழந்து நேராகவே கத்தினார்: "போடு!"

"போட்டேன்!" என்றாள் அம்மா.

"அணை!"

"அணைச்சிட்டேன்யா!"

எனக்கு வேலை போய்விட்டது. அந்த மாதிரி சந்தோஷமாக யாருக்கும் வேலை போயிருக்காது. நடையின் நடுவில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். என் தலைக்கு மேலே குரல்கள் போய்வந்தன.

நைனா மெயினை அணைத்தார். விசிறி நின்று வீடு புழுங்கியது. இரண்டு பக்கமும் சுவிட்சைக் கழற்றினார்கள். அம்மா போன் வெளிச்சத்தில் பார்த்துச் சொன்னாள், நடு ஓட்டையில் சிவப்பு வயர், மேலே மஞ்சள், கீழே நீலம் என்று. நைனா தன் பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனுக்கு நடுவுல மஞ்சா கீது. சேப்பு மேல கீது."

"அப்போ மாத்தி சொருகிக்கீற. இங்க மாதிரியே நடுவுலதான்யா சேப்பு வரணும்."

"ஆமா," என்றார் நைனா. அவர் ஆமா என்று சொல்லி நான் கேட்டது அபூர்வம்.

வயரை மாற்றி முடுக்கி, மெயினைப் போட்டார். அம்மா அந்தப் பக்கம் தட்டினாள், எரிந்தது. நைனா இந்தப் பக்கம் தட்டினார், அணைந்தது. மறுபடி அம்மா போட்டாள். சின்னப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறித் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவுதான், அம்மா இனி இங்கேதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அம்மா கை கழுவினாள். பையை எடுத்தாள்.

"லைட்டுதான் எரியுதேம்மா" என்று முந்தானையைப் பிடித்தேன். "நல்லா எரியுது கண்ணு" என்று கன்னத்தைத் தடவினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ள அவளுக்கு ரொம்ப நேரமானது. நைனா ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னேரத்துக்கு பஸ்ஸு கெடைக்குமா?" என்று கேட்டார்.

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கெடைக்கும்" என்றாள் பிறகு. நைனா "சரி" என்றார். அதற்கப்புறமும் அவள் கொஞ்சம் நின்றாள்.

பின்னாலும் ஞாயிறுகளில் வந்தாள், போனாள். அந்த வீட்டில் தங்கவே இல்லை. அன்று தெருமுனையில் அவள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நைனா மேல் அப்படி ஒரு கோபம். இரு என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் இந்த மனுஷன் போயும் போயும் பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறாரே என்று. மத்தியான வேளையில் பெசன்ட் நகருக்கு பஸ் கிடைக்காமலா போகும்? அது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அந்த வயதில் எனக்கு பஸ் என்றால் பஸ்தான்.