முயலுக்குப் பயந்த கோளாறு

எங்கள் முயலுக்கு ஒரு மாதமாகச் சிறுநீர் தானாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இன்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"மூத்திரப் பையில கல்லு இருக்கலாம், கிருமி இருக்கலாம், முதுகெலும்புல அடிபட்டிருக்கலாம். மதுரையில எக்ஸ்ரே எடுங்க. ஒரு மாசமா என்ன செஞ்சீக?" என்றார்.

திரும்பும்போது திருத்தங்கல் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்காவிடம் இதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இல்லம்மா. வெடிச் சத்தம் கேட்டுப் பயந்த கோளாறு. மந்திரிச்சு ஒரு கயிறு கட்டுங்க" என்றார்.

எரிச்சலாக வந்தது. பட்டாசு ஆலைகள் நிறைந்த இந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்காத நாள் ஏது? முயல் பிறந்ததே இங்கேதான்.

ஆனால் டாக்டர் கேட்ட அந்த ஒரு மாதமும் அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுக் காத்திருந்தது நான்தான்.

மதுரையில் முயல் பார்க்கிற டாக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கயிறு வேண்டாம், கைவசம் இருக்கிறது.