கொய்யாப்பழ வாத்தியார்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் என் மகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மீசைக்காரர், மடியில் கொய்யாப்பழப் பையோடு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில் தோற்றிருந்த அவளை மறுதேர்வுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் ஆங்கில வாக்கியங்கள் சொல்லவைத்தேன்; ஒற்றைப் பொருளுக்கு முன்னால் ‘எ’, ‘ஆன்’ போட அவள் மறந்துகொண்டே இருந்தாள்.

மீசைக்காரர் ஐந்து பழங்களைத் துண்டில் துடைத்து அவளிடம் கொடுத்தார். “இங்கிலீஷ்ல சொல்லு, தப்பா சொன்னா ஒண்ணு திருப்பிக் குடுக்கணும் பாப்பா.”

“ஐ ஹேவ் பென்” என்றாள். ஒன்று போனது. “ஐ சீ பஸ்.” இன்னொன்றும் போனது. ஒரு வாரமாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தவள் சிரித்தபடி மூன்றாவதை அவசரமாகக் கடித்துவிட்டாள்.

இறங்கும்போது கேட்டேன். “சார் இங்கிலீஷ் வாத்தியாருங்களா?”

“அட நீங்க வேற! எனக்கு ஏபிசிடியே தகராறு. ஒங்க மூஞ்சி சுருங்கறப்பல்லாம் ஒண்ணு புடுங்கிக்கிட்டேன்.”

அவள் தேர்வறைக்குள் போய் உட்காரும்வரை என் முகம் தெரியாதபடி நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.