கெடார் அத்தை சொன்ன சொல்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு கம்பெனி இன்டர்வியூ. நாலு அரியர் வைத்து நாலையும் க்ளியர் பண்ணின ஆளுக்கு என்ன பயம் என்று கெத்தாகத்தான் நின்றேன். அப்போது எங்கள் அஞ்சாம் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். மேரி டீச்சர். முந்தாநாள்தான் எவனோ அவரைச் சேர்த்திருந்தான்.

"டேய் பசங்களா, நம்ம சொல் நோட்ட புக்கா போடப்போறேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்துலயும் அத சொன்னவங்க பேரு வரணும். 'தொளுக்கம்', கெடார் அத்தைன்னு எழுதி வச்சிருக்கேன். அவங்க பேரு இன்னாடா?"

விழுப்புரம் வண்டி வந்தது. நான் ஏறவில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், நண்பா. காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. டீச்சரின் கைப்பையிலேயே கிடந்ததால் திறந்தால் ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும். இன்றைக்கும் எவனாவது பஸ்ஸில் ஆரஞ்சு உரித்தால் நான் ஸீட் மாறி உட்கார்ந்துவிடுவேன். அது திங்கட்கிழமை வாசனை.

பிரம்மதேசத்துப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். திங்களானால் ஆளுக்கொரு சொல் கொண்டுபோக வேண்டும். புத்தகத்திலிருந்து கூடாது. வீட்டிலோ வயலிலோ குழாயடியிலோ யாராவது பேசக் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். யார், எப்போது சொன்னார்கள் என்று எழுந்து சொல்ல வேண்டும். பிறகு மொத்த வகுப்பும் அந்தச் சொல்லை வைத்துப் பேசும். பேசினால்தான் சொல் ஒட்டும் என்பார் டீச்சர். நோட்டில் ஏற்கெனவே இருக்கிற சொல்லைக் கொண்டுபோனால் அடி கிடையாது. முன்னால் நின்று அஞ்சு நிமிஷம் எதையாவது பேச வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அடியே தேவலை. ஏனென்றால் நான் அப்போது திக்குவேன். ஆமாம், நானேதான். சிரிக்காதே.

அந்தத் திங்கள் நான் 'மல்லாட்டை' வைத்திருந்தேன், வேர்க்கடலைதான். எனக்கு முன்னால் சகாயராஜ் எழுந்து, "மல்லாட்டை டீச்சர்" என்றான்.

"அது போன மாசமே வந்துடுச்சே. முன்னாடி வாடா."

அடுத்தது நான். காலையில் அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த குடத்தில் தண்ணீர் தொளுக் தொளுக்கென்று ஆடியது ஞாபகம் வந்தது. என் வயிற்றுக்குள்ளும் அதேதான் ஆடிக்கொண்டிருந்தது.

"தொ... தொளுக்கம் டீச்சர்."

"அப்டின்னா?"

"பேரு கூப்புடறதுக்கு மு... முன்னாடி வயித்துல ஒன்னு வருமே, அதுங்க."

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எனக்கும் வரும் டீச்சர்! ஊசி போட வரப்ப!" முன்னால் போய் நின்ற சகாயராஜ், "எனக்கு இப்பவே கீது டீச்சர்" என்றான்.

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "யாருடா சொன்னாங்க?"

"கெடார் அத்தைங்க." கெடார் எங்கேயோ இருக்கிறது, யார் போய் விசாரிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

"கெடாரா? விழுப்புரத்துல எங்க வீட்டுக்குக் கிட்டதான். ஒரு நாளு பாத்துட்டு வர்றேன்."

போச்சு. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்தச் சொல்லோ பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்ற ஆரம்பித்தது. சத்துணவு அக்காவே, "சாம்பார் பத்துமோ பத்தாதோன்னு தொளுக்கமா கீதுடா" என்றது. நானே உண்டாக்கினது என்று தெரிந்தால் டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அடித்தால் அடிக்கட்டும். நான் திக்கி முடிக்கிறவரை அவசரப்படாமல் காத்திருந்த ஒரே ஆள் அவர்தான். இனி காத்திருக்கமாட்டார் என்பதுதான் பயம்.

மாதா கோயில் திருவிழாவுக்கு அத்தை வந்தாள். களையெடுக்கப் போகிற இடத்தில் மேஸ்திரியையே வாயால் விரட்டுகிறவள். நான் மறந்துவிட்டுப் போன சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"கெடாருங்க. இவன் அத்தைங்க."

டீச்சர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். "நீங்கதானா! தொளுக்கம்னு உங்க ஊர்ல சொல்லுவீங்களாமே?"

பெஞ்சை இறுக்கிப் பிடித்தேன். அத்தை தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க டீச்சர்."

"எப்பல்லாம் சொல்லுவீங்க?"

"எப்பவும்தாங்க டீச்சர்."

டீச்சர் சந்தோஷமாக அதையும் எழுதிக்கொண்டார். நான் கேட்வரை அத்தை பின்னாலேயே ஓடினேன். "உனக்கு எப்டி அத்தை தெரியும்?"

"இன்னா தெரியும்? அந்தம்மா கேட்டது ஒன்னும் காதுலயே ஏறல. பள்ளிக்கூடத்துல நான் கால் வச்சதே இன்னிக்குத்தான்டா. எல்லாத்துக்கும் ஆமான்னுட்டு வந்துட்டேன். கையப் பாரு."

என்னிடம் கொடுக்க மறந்த தட்டு அவள் கையிலேயே இருந்தது. டகடகவென்று ஆடியது.

"அதான் அத்தை தொளுக்கம்."

"அடப்பாவி, இதுக்கெல்லாமா பேரு வச்சிக்கினு கீறீங்க?"

அந்தப் பள்ளிக்கூடத்தை ஆள் போதவில்லையென்று மூடிவிட்டார்கள். அத்தை போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. திக்குவது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. 'டீச்சர், அது நானே' என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். கடைசியில், 'அந்தோணியம்மாள், கெடார்' என்று அனுப்பினேன்.

உடனே நீல டிக். உடனே டீச்சர் குரல்: "புக்கு வந்ததும் மொதக் காப்பிய அவங்க கையிலதான் குடுக்கப்போறேன். அட்ரஸ் அனுப்புடா."

அடுத்த விழுப்புரம் வண்டியும் போய்க்கொண்டிருந்தது. நான் மைக்கை அமுக்கிப் பிடித்து, "டீ... டீச்சர்" என்றேன்.